செவுள் அடர்ந்தால் போதுமா?

ஆக்சலாட்டல் என்னும் நீர்வாழ் சாலமாண்டரை வளர்ப்பவர்கள் இருவர் சந்தித்தால் பேச்சு சீக்கிரமே செவுளுக்கு வந்துவிடும். தலையின் இருபுறமும் மும்மூன்றாக நீளும் காம்புகளில் இழைகள் அடர்ந்து நின்றால் நல்ல வளர்ப்பு. குட்டையாக இருந்தால் ஏதோ கோளாறு. இந்த அளவுகோல் பாதி சரி. மறுபாதி அந்த உயிருக்கே கேடு செய்யக்கூடியது.

சரியான பாதியை முதலில் பார்க்கலாம். மீனின் செவுள் மூடிக்குள் மறைந்திருக்கிறது. ஆக்சலாட்டலின் செவுளோ ரத்தம் ஓடும் இழைகளோடு வெளியே நிற்கிறது. தண்ணீர் கெட்டால் முதலில் அடிபடும் உறுப்புகளில் அதுவும் ஒன்று. அமோனியாவோ நைட்ரைட்டோ ஏறினால் இழைகள் தேயும். ஃபில்டரின் நீரோட்டம் தாங்காவிட்டால் காம்புகள் முன்பக்கமாக வளையும், கூடவே வால்நுனி சுருளும். இழைகளில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோலத் தெரிந்தால் பெரும்பாலும் பூஞ்சை. தினமும் தீனி போடும்போதே இத்தனையும் கண்ணில் படுகிறது என்பது சாதாரண வசதியல்ல. நிறத்தை மட்டும் அவசரப்பட்டு நம்பக்கூடாது. வெளிர்நிற வகைகளில் அசையும்போது இழைகள் சிவக்கும், ஓய்ந்து கிடக்கும்போது வெளிறும். அதைப் பார்த்து ரத்தசோகை என்று பதறுவதில் பொருளில்லை.

சிக்கல் அளவில் இருக்கிறது. தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால், கிடைப்பதை இழுத்துக்கொள்ள இழைகள் நீண்டு அடர்கின்றன. தாராளமாகக் கிடைத்தால் அவ்வளவு பெரிய செவுளுக்கு வேலை இல்லை. போதாததற்குத் தோலும் நுரையீரலும் மூச்சுக்கு உதவுகின்றன. மேலே வந்து காற்றை விழுங்கிப் போவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். ஆக, காற்றோட்டமுள்ள குளிர்ந்த தொட்டியில் குட்டைச் செவுளோடு நன்றாகத் தின்று திரியும் ஆக்சலாட்டலுக்கு ஒரு குறையும் இல்லை. படத்துக்கு அழகாக இருக்கட்டும் என்று, காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோனை நிறுத்துகிறவர் மூச்சுத்திணறலை அலங்காரமாக்குகிறார். இதை நான் வளர்ப்பு என்று சொல்லமாட்டேன்.

செவுள் குறுகுவதற்கும் ஒரே காரணம் இல்லை. நெருக்கமாக வளரும் குஞ்சுகள் ஒன்றன் செவுளை ஒன்று கடித்துவிடும்; பிரித்து வைத்துச் சுத்தமான தண்ணீர் கொடுத்தால் திரும்ப முளைக்கும். செவுளோடு வால்துடுப்பும் சுருங்கி, கண்ணிமையும் தோன்றினால் கதை வேறு: அது அரிதாக நிகழும் உருமாற்றம், நிலவாழ் சாலமாண்டராக மாறிக்கொண்டிருக்கிறது. பூஞ்சைக்கு உப்புக் குளியல் கொடுப்பவர்கள் நேரத்தை நீட்டிவிடுவதும் உண்டு. பத்துப் பதினைந்து நிமிடங்களைத் தாண்டினால் உப்பே இழைகளைப் பொசுக்கும்.

ஆக்சலாட்டலின் தாயகமான சோச்சிமில்கோ, மெக்சிகோ நகரின் தென்பகுதியில் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்குள்ள குளிர்ந்த நீருக்குப் பழகிய இந்த உயிருக்கு இதமானது 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். 24-ஐத் தாண்டினால் தவிக்கத் தொடங்கும். சென்னைக் கோடையில் சில்லர் இல்லாத தொட்டி 30-ஐச் சுலபமாகத் தொடும். 16 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 10 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். வெப்பம் ஏற ஏற உடலின் தேவையோ கூடுகிறது. அந்தத் தொட்டியில் செவுள் அடர்ந்தால் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள முடியுமா?

அடுத்த வீட்டு ஆக்சலாட்டலோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டு, உங்களுடையதையே மாதம் ஒருமுறை ஒரே கோணத்தில் படமெடுத்து வையுங்கள். மாற்றம் தெரிந்தால் மருந்தைத் தேடும் முன் வெப்பமானியையும் அமோனியா டெஸ்ட் கிட்டையும் பாருங்கள். தண்ணீரைக் குளிர வைக்க வழியில்லாதவர்கள் தயவுசெய்து இதை வாங்கவே வேண்டாம்.