வெயிலில் நிற்கும் பொன்

புதுச்சத்திரத்தில் பொழுது கொல்லிமலைப் பக்கமிருந்து விடிகிறது. சேலம் – நாமக்கல் சாலையில் லாரிகள் இன்னும் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓடுகிற நேரத்தில், சுற்றுவட்டாரக் கோயில்களின் உச்சியை ஒரு முறை நிமிர்ந்து பார்க்க வேண்டும். மரமும் வீடும் மறைக்காத உயரத்தில் இருப்பதால் கலசங்களுக்கு வெயில் நம்மைவிட முந்திக் கிடைத்துவிடுகிறது. எது பித்தளை, எது செம்பு, எது பொன் பூசியது என்று தள்ளி நின்றே சொல்லிவிடலாம். பித்தளை இரண்டு ஐப்பசி மழையில் மங்கிப்போகும். செம்பு பழுப்பேறி, பிறகு பச்சை பூக்கும். பொன் பூசிய கலசம் குடமுழுக்கு நாளன்று எந்த நிறத்தில் ஏறியதோ அந்த நிறத்திலேயே நிற்கும்.

அந்த மஞ்சளை ரசிக்க நல்ல வெயில் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு மழைக்கு முந்தைய வானம்தான் பிடிக்கும். கிழக்கே மேகம் கறுத்து, மேற்கிலிருந்து சாய்ந்த வெயில் மட்டும் மிச்சமிருக்கும் பத்து நிமிஷம். வானம் நீலமாக இருந்தாலும் கறுப்பாக இருந்தாலும் பொன் தன் நிறத்தை விட்டுக்கொடுப்பதில்லை. நீல ஒளியை அது விழுங்கிவிடுகிறது; சிவப்பையும் மஞ்சளையும் மட்டுமே திருப்பித் தருகிறது. வெள்ளியும் எவர்சில்வரும் வானத்தின் நிறத்தை வாங்கிக்கொண்டு அதற்குள் மறைந்துபோகும். பொன் மறையாது. கருமேகத்தின் முன்னால் அது தானே விளக்கேற்றிக்கொண்டதாகத் தெரிவது இதனால்தான்.

இத்தனைக்கும் அங்கே இருக்கும் பொன் மிகக் கொஞ்சம். நன்றாக அடித்த ரேக்கின், அதாவது பொன் இதழின், பருமன் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு. மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு. தலைமுடி ஒன்றின் தடிமனுக்கு எழுநூறு ரேக்குக்கு மேல் அடுக்க வேண்டும். கால் பவுன், அதாவது 2 கிராம், ஒரு சதுர மீட்டரை மூடிவிடும். அப்படி ஒரு ரேக்கை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மஞ்சள் தெரியாது. வாழைக்குருத்தின் வழியே வெயிலைப் பார்த்த மாதிரி ஒரு பச்சை, ஓரத்தில் கொஞ்சம் நீலம் கலந்து, மறுபக்கம் வரும். சிவப்பும் மஞ்சளும் நம் பக்கமே திரும்பிவிட, ஊடுருவிப் போவது பச்சைதான். ஒளி ஊடுருவுகிற அளவுக்கு மெலிந்த ஒன்றைத்தான் நூறடி உயரத்தில், மழைக்கும் காற்றுக்கும் காக்கைக்கும் நடுவே நிறுத்துகிறார்கள்.

கையில் எடுத்தால் ரேக்கு விரலோடு ஒட்டிக் கசங்கிவிடும். மூச்சுக் காற்றுக்கே மடங்கும். ஆகையால் இந்த வேலை நடக்கிற இடத்தில் மின்விசிறி ஓடாது, ஜன்னல் திறந்திருக்காது. தஞ்சாவூர் ஓவியத்திலும் பொன் ரேக்குதான். ஆனால் அங்கே பொன் பலகையின் மேல் உட்கார்ந்து, கண்ணாடிச் சட்டத்துக்குள் பத்திரமாக வாழ்கிறது. வெளியில் வாழப்போகிற பொன்னின் சட்டம் வேறு. நகைக்கு 22 காரட் போதும்; செம்போ வெள்ளியோ கொஞ்சம் கலந்தால்தான் வளையல் நெளியாமல் நிற்கும். ரேக்கு எந்தப் பாரத்தையும் தாங்கப் போவதில்லை. அதற்கு உறுதி வேண்டாம், தூய்மைதான் வேண்டும். கலந்த செம்பும் வெள்ளியும் மழைக்காற்றில் கறுக்கும். கறுப்பு மேலே வந்துவிடும். எனவே கோபுரத்துக்குப் போகிற பொன், கழுத்துக்குப் போகிற பொன்னைவிடச் சுத்தமானது.

இனி பொன்னுக்கு அடியில் இருக்கும் செம்புக்கு வருவோம். இந்தக் கலையின் முக்கால் பங்கு அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி. பொன் எதையும் மறைப்பதில்லை. சுண்ணாம்பும் பெயின்ட்டும் பள்ளத்தை நிரப்பும், கீறலை மூடும். மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு பொன் எதை நிரப்பும்? அடியில் ஒரு சுத்தியல் தழும்பு இருந்தால் அதைப் பளபளவென்று ஊருக்கே காட்டும். அதனால்தான் தகட்டை அரக்கின் மேல் வைத்து, உளியால் பின்பக்கமிருந்தும் முன்பக்கமிருந்தும் தட்டித் தட்டி, தாமரை இதழின் நரம்பு வரை செம்பிலேயே முடித்துவிடுகிறார்கள். பிறகு புளியும் பூந்திக்கொட்டையும் போட்டுத் தேய்த்துக் கழுவுவது பழைய வழி. இப்போது அமிலத்தில் முக்குவதும் உண்டு. கழுவிய தகட்டில் விரல் படக்கூடாது. விரல் ரேகையின் எண்ணெய் இருக்கிற இடத்தில் பொன் பிடிக்காது.

அடுத்து வருவது நான் மிகவும் வியக்கிற கட்டம். சுத்தமான செம்பின் மேல் பாதரசத்தைத் தேய்க்கிறார்கள்; சிவப்புத் தகடு வெள்ளையாக மாறுகிறது. அதன் மேல் ரேக்கை விரிக்கிறார்கள். விரித்த பொன் கண்ணெதிரே காணாமல் போகிறது! பாதரசம் அதைக் குடித்துவிடும். மஞ்சள் வெளிறி, சாம்பலாகி, வெறும் ஈரப் பளபளப்பு மட்டும் மிஞ்சும். அதன் மேல் இன்னொரு ரேக்கு, பிறகு இன்னொன்று. இத்தனை பொன்னும் எங்கே போனது என்று புதிதாகப் பார்க்கிறவர் பதறலாம். தகட்டைத் தணல் மேல் காட்டும்போது பாதரசம் ஆவியாகக் கிளம்பும்; அது கொதிப்பது 357 டிகிரியில். சாம்பல் நிறத்துக்குள்ளிருந்து முதலில் திட்டுத் திட்டாக, பிறகு தகடு முழுக்க, மஞ்சள் எழுந்து வரும். இப்போது அது செம்பின் மேல் ஒட்டியிருக்கவில்லை. செம்போடு கலந்து வேர் பிடித்திருக்கிறது. நகத்தால் உரித்து எடுக்க முடியாது.

அந்த ஆவி நஞ்சு. நரம்பைத் தாக்கும், கை நடுக்கம் தரும். நடுங்காத கையே முதலான தொழிலில் அது எவ்வளவு பெரிய கொடுமை என்று சொல்ல வேண்டியதில்லை. பழைய பொன் வேலைகளைப் பார்த்து உருகும்போது தணலருகே குனிந்து நின்றவர்களையும் நினைக்கத்தான் வேண்டும். இன்று பல இடங்களில் மின்முலாம் வந்துவிட்டது. உயிருக்கு அதுதான் நல்லது. அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. கண்ணுக்கு மட்டும் வித்தியாசம் தெரிகிறது. மின்முலாம் எல்லா இடத்திலும் ஒரே சீராக மினுக்கும். தணலில் வந்த பொன் முதலில் மங்கலாக, பூத்தாற்போல இருக்கும். அதை மெருகுக் கல்லால் தேய்ப்பவர் எங்கே தேய்க்க வேண்டும், எங்கே விட்டுவிட வேண்டும் என்று தேர்ந்துகொள்ளலாம். இதழின் மேடு மட்டும் ஒளிர, மடிப்புக்குள் மங்கல் அப்படியே தங்கினால், கீழிருந்து பார்க்கிறவருக்கு ஓரங்குல ஆழம் நாலங்குலமாகத் தெரியும்.

அமிர்தசரஸ் பொற்கோயிலுக்கு மகாராஜா ரஞ்சித் சிங் 1830 வாக்கில் பொன் போர்த்தினார். 1995 முதல் 1999 வரை அதைப் புதுப்பித்தது பர்மிங்காமிலிருந்து வந்த குரு நானக் நிஷ்காம் சேவக் ஜதா என்ற சீக்கிய அமைப்பு. அங்கே அவர்கள் பிடிவாதமாகப் பழைய ரேக்கு முறையையே கையாண்டார்கள்; செம்புத் தகட்டின் மேல் 24 அடுக்கு ரேக்கு. நம் வேலூருக்கு அருகே ஸ்ரீபுரத்தில் 2007-இல் குடமுழுக்குக் கண்ட கோயிலில் 9 முதல் 15 அடுக்கு என்கிறார்கள். அடுக்கு எண்ணிக்கை வெறும் பெருமைக்காக அல்ல. ஒரு ரேக்கில் கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளைகள் இருக்கும். அந்தத் துளை வழியே ஈரம் செம்பைத் தொட்டால், பொன்னுக்கு அடியில் பச்சை பிடித்து மேலே கசியும். அடுத்த ரேக்கு முந்தையதன் துளையை மூடுகிறது. எங்கள் பக்கம் கோழிப்பண்ணைகள் அதிகம். பண்ணைக் காற்றில் இருக்கிற அம்மோனியா செம்பை அரிக்கும். பொன்னை ஒன்றும் செய்யாது. நாமக்கல் சமவெளியில் பொன் பூசுகிறவர் ஓர் அடுக்கு கூடுதலாகவே வைக்கலாம் என்பேன்.

தகடுகளைப் பொருத்துவதும் ரசிக்க வேண்டிய வேலை. ஒரு மீட்டர் நீளச் செம்புத் தகடு 30 டிகிரி சூடேறினால் அரை மில்லிமீட்டர் நீளும். சித்திரை வெயிலில் விடியற்காலைக்கும் உச்சிப் பொழுதுக்கும் இடையே இது நாள்தோறும் நடக்கும். இறுக ஆணி அடித்துவிட்டால் தகடு உப்பிக்கொள்ளும். மேல்தகடு கீழ்த்தகட்டின் மேல் படிந்து, மழைநீர் வழிய இடம் விட்டு, ஆணியை மடிப்புக்குள் ஒளித்து, நகர்வதற்கு இம்மியளவு இடமும் கொடுத்து வைக்கிறார்கள். சிதம்பரம் பொன்னம்பலத்தின் கூரையில் 21,600 ஓடு, 72,000 ஆணி என்று மரபு கணக்குச் சொல்கிறது. மூச்சுக்கு ஓர் ஓடு, நாடிக்கு ஓர் ஆணி. பக்தர்கள் அந்த எண்ணைப் போற்றுகிறார்கள். நான் அந்த ஓடுகளின் விளிம்பைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். வரிசைக்கு வரிசை ஒரு மெல்லிய நிழல் கோடு. அந்தக் கோடுகள் இல்லாவிட்டால் கூரை முழுவதும் ஒரே கண்கூச்சமாகிப் போயிருக்கும். நிழல்தான் அங்கே பொன்னைப் பார்க்க விடுகிறது.

பொன் வேய்ந்த அரசர்களின் பட்டியல் நீளமானது. தில்லைக்கு முதலாம் பராந்தகன், பதிமூன்றாம் நூற்றாண்டில் திருவரங்கத்துக்கும் தில்லைக்கும் சடையவர்மன் சுந்தர பாண்டியன். ஆனால் எனக்கு எல்லாவற்றிலும் நெருக்கமானது தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ஒன்று. முதலாம் இராசராசன் தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில், 1010-ஆம் ஆண்டு, விமானத்தின் உச்சிக்குச் செப்புக்குடம் கொடுத்தான். செம்பு 3,083 பலம். அதன் மேல் போர்த்திய பொன் 2,926½ கழஞ்சு. கழஞ்சை ஏறத்தாழ 5 கிராம் என்று கொண்டால் 14 கிலோவைத் தாண்டும். அது ரேக்கு அல்ல, கனத்த தகடு. அந்தத் தொகையைவிட அதன் கடைசியில் உள்ள அரைக் கழஞ்சைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். இருநூறடிக்கு மேலே, எந்தக் கண்ணும் எடை போட முடியாத உயரத்துக்குப் போகிற பொன். அதில் அரைக் கழஞ்சை விட்டுவிடாமல் நிறுத்துப் பார்த்து, கல்லில் வெட்டச் சொல்லியிருக்கிறார்கள்! அந்த அரையில் தெரிகிற ஒழுங்கு, கலசத்தின் பளபளப்புக்குக் குறைந்ததில்லை.

எங்கள் பக்கத்தின் பெரிய பொன் காட்சிக்குக் கோபுரம் ஏற வேண்டியதில்லை. நாமக்கல்லில் 18 அடி ஆஞ்சநேயர் கூரையில்லாமல் வெட்டவெளியில் நிற்கிறார். எதிரே குன்றைக் குடைந்த கோயிலில் இருக்கிற நரசிம்மரை நோக்கிக் கைகூப்பியபடி. அனுமன் ஜெயந்திக்கு 1,00,008 வடை மாலையைக் காண வருகிறவர்கள் அநேகம் பேர். விசேஷ நாள்களில் சாத்துகிற தங்கக் கவசத்தை நின்று நிதானமாகப் பார்க்கிறவர்கள் குறைவு. வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும். மற்றக் கோயில்களில் மூலவரின் கவசத்தை எண்ணெய் விளக்கொளியில்தான் பார்க்கிறோம். விளக்கொளியில் எந்தப் பொன்னும் அழகுதான். இங்கே கருவறைக்குள் வானமே இறங்குகிறது. காலையில் நிழலில் இருக்கும்போது பொன் தேன் நிறத்தில் அடங்கியிருக்கும். வெயில் ஏற ஏறக் கிரீடத்தில் தொடங்கித் தோளுக்கு இறங்கும். உச்சிப் பொழுதில் கூப்பிய கைகளின் மேல்பக்கம் கண்ணைப் பறிக்கும். அந்தக் கைகளின் நிழல் மார்புக் கவசத்தில் விழும். ஒரு மேகம் கடந்தால் பதினெட்டடியும் ஒரே மூச்சில் மங்கி, மறுபடி எழும். கூரை போட்டிருந்தால் இதில் எதுவும் இல்லை. கலசத்துப் பொன் நிரந்தரமாக வெயிலில் கிடப்பது. இந்தக் கவசம் வந்து போவது. கவசம் இல்லாத நாளில் கருங்கல்லைப் பார்த்தவர்களுக்குத்தான் கவசத்தின் ஒவ்வொரு வளைவும் எந்த வளைவின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பது புரியும். அதனால் இரண்டு கோலத்தையும் பார்க்க வேண்டும் என்று ஊருக்கு வருகிற நண்பர்களிடம் சொல்வேன்.

இரவில் பார்க்கப் பழனி. ஈரோட்டு வி.வி.சி.ஆர். முருகேச முதலியார் கொடுத்த தங்கத்தேர் 1947 ஆகஸ்டில் முதன்முதலாக மலைமேல் ஓடியது. நகர்கிற பொன்னில் ஒளி ஓரிடத்தில் நிற்பதில்லை. தேர் திரும்பும்போது ஒவ்வொரு பட்டையாக வெளிச்சம் கைமாறிப் போகும். சக்கரம் லேசாகக் குலுங்கினால் அந்தக் குலுக்கல் பொன்னில் தெரியும்.

பர்மாவில் நம் மெல்லிய பொன்னுக்கு நேரெதிர். மாண்டலே மகாமுனி புத்தருக்கு ஆண் பக்தர்கள் தங்கள் கையாலேயே ரேக்கு ஒட்டுகிறார்கள். தலைமுறை தலைமுறையாக ஒட்டி ஒட்டி, உடம்பு முழுக்கப் பொன் மேடிட்டு, வடிவமே மழுங்கிவிட்டது. முகத்தில் மட்டும் ஒட்டுவதில்லை. தினமும் விடியலில் கழுவித் துடைக்கிறார்கள். அந்தப் பக்தியை மதிக்கிறேன். ஆனால் என் கண் பழகியிருப்பது, அடியில் இருக்கிற உளிக் கோட்டைக் காட்டுகிற மெல்லிய பொன்னுக்கு.

பொன் விமானத்தை நிதானமாகப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மதுரைக்குப் போகலாம். பொற்றாமரைக் குளத்தின் தென்கரைப் படியில் உட்கார்ந்தால் மீனாட்சி, சுந்தரேசுவரர் விமானங்கள் இரண்டும் ஒருசேரத் தெரியும். வெயில் சாய்ந்த பிறகு போவது நல்லது. கையில் ஒரு சிறிய தொலைநோக்கி இருந்தால், தகடு தகடாக இணைப்பு எங்கே வருகிறது, எந்த மடிப்பில் மெருகு போடாமல் விட்டிருக்கிறார்கள் என்று அரைமணி நேரம் தேடலாம்.