ஒரே கொட்டகை, இரண்டு கள்வர்

கள்வனைப் பற்றிய படம் என்றால் கொட்டகை நிறைகிறது. அதில் வியப்பில்லை. பூட்டைத் திறக்கும் விரலையும், காவலரை ஏய்க்கும் காலையும், கடைசி நொடியில் தலைகீழாகும் கதையையும் காணக் கண்கள் துடிப்பது இயல்பே. வியப்பு வேறோர் இடத்தில் இருக்கிறது. ஒரே கொட்டகையில், ஒரே நாற்காலியில் அமர்ந்து, ஒரு கள்வனுக்குக் கைதட்டுகிறோம். இன்னொரு கள்வனைக் கண்டு பல்லைக் கடிக்கிறோம். ஏன்? இந்த வினாவை எழுப்பினால், திரையில் ஓடிய கதையைவிடப் பெரிய கதை ஒன்று நம் உள்ளத்துக்குள்ளேயே ஓடிக்கொண்டிருப்பது தெரியும்.

எடுத்துக்காட்டுக்கு இரண்டு படங்கள் போதும். இரண்டையும் இயக்கியவர் எச். வினோத். 2014 ஜூலையில் வெளிவந்தது ‘சதுரங்க வேட்டை’. 2017 நவம்பரில் வெளிவந்தது ‘தீரன் அதிகாரம் ஒன்று’. இரண்டும் தொழில்முறைக் கள்வரைப் பற்றியவை. திருப்பத்துக்கு மேல் திருப்பம் வைத்து, பார்ப்போரை அசையவிடாமல் அமர்த்தியவை. ஆனால் பார்த்துவிட்டு வெளியே வந்த மக்கள் சொன்ன கருத்து மட்டும் இரண்டுக்கும் ஒன்றாக இல்லை.

முதற்படத்தின் நாயகன் காந்தி பாபு. நட்டி என்னும் நடராஜ் அவனாக வாழ்ந்தார் என்றே சொல்லலாம். மண்ணுளிப் பாம்பை இரட்டைத் தலைப் பாம்பு என்று சொல்லிச் செல்வரிடம் விற்கிறான். ஆள் சேர்த்தால் பணம் என்னும் சங்கிலி வணிகம் நடத்துகிறான். அரிசியை ஈர்க்கும் அதிசயச் செம்பு என்று கதை கட்டுகிறான். ஏமாற்ற வேண்டுமானால் முதலில் எதிரில் இருப்பவனின் ஆசையைத் தூண்டு என்பதே அவன் கொள்கை. அவனுக்கு இளமைத் துயரம் உண்டு. பின்னே ஒரு பெண்ணின் அன்பு உண்டு. முடிவில் மனமாற்றமும் உண்டு.

இதைக் கண்டோர் சொன்னவை மூன்று வகை. “என்ன மூளை! என்ன பேச்சு!” என்று மெச்சியோர் ஒரு சாரார். “பேராசைக்காரன்தானே ஏமாந்தான், ஏமாறட்டும்!” என்று நகைத்தோர் மற்றொரு சாரார். “இது பொழுதுபோக்கு மட்டுமா? நாட்டுக்கு எச்சரிக்கை!” என்று பாராட்டியோர் மூன்றாம் சாரார். மூன்றாம் கருத்தே நம் கவனத்துக்குரியது. எச்சரிக்கை என்றால், எச்சரிக்கப்பட்டவர் விழித்திருக்க வேண்டும். விழித்தார்களா?

வடாற்காட்டு மண் இதற்கு விடை சொல்லும். படம் வந்து 8 ஆண்டுகள் கழித்து, 2022இல், தமிழகக் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவு அடுத்தடுத்துப் பெரும் வழக்குகளைப் பதிவு செய்தது. ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவனம் திங்கள்தோறும் 25 முதல் 30 விழுக்காடு வரை தருவதாகச் சொல்லி, ஏறத்தாழ 1 லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியது என்பது ஒரு வழக்கு. காட்பாடியைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.எஃப்.எஸ். நிறுவனத்தின் மீது எழுந்த குற்றச்சாட்டு அதனினும் பெரிது; பல ஆயிரம் கோடி ரூபாய். வேலூரிலும், இராணிப்பேட்டையிலும், ஆரணியிலும், ஆம்பூர்ப் பக்கத்திலும் குடும்பம் குடும்பமாகப் பணத்தைக் கொட்டியிருந்தனர். காந்தி பாபுவுக்குக் கைதட்டிய அதே ஊர்கள்!

கணக்கைப் பார்ப்போம், பகுத்தறிவு என்பது முதலில் கணக்குத்தானே! நூறு பேர் ஆளுக்கு 1 லட்சம் கொடுத்தால் திரள்வது 1 கோடி. திங்களுக்கு 30 விழுக்காடு என்றால் கொடுக்க வேண்டியது 30 லட்சம். மூன்று திங்களில் 90 லட்சம் போய்விடும். நான்காம் திங்களில் பெட்டியில் இருப்பது 10 லட்சம். கொடுக்க வேண்டியதோ 30 லட்சம். மீதியைத் தருபவர் யார்? புதிதாய் வந்து மாட்டுபவர். அவருக்குத் தருபவர்? அவருக்குப் பின் வருபவர். வருகை நிற்கும் நாளில் கதவு சாத்தப்படும். 1920இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சார்லஸ் பான்சி என்பவன் 45 நாளில் 50 விழுக்காடு தருகிறேன் என்று சொல்லி ஆடிய ஆட்டம் இதுவேதான். நூறாண்டாகியும் ஆட்டம் மாறவில்லை. ஆடுகளம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது.

“பேராசைக்காரன் ஏமாறட்டும்” என்பாரை இப்போது கேட்போம். ஆம்பூர் ஷூ கம்பெனியில் நாளெல்லாம் மேல்தோல் தைத்து, மகளின் திருமணத்துக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த தாய் பேராசைக்காரியா? ஓய்வு பெற்ற நாளில் கிடைத்த தொகை மருத்துவச் செலவுக்குப் பற்றாதே என்று அஞ்சிய முதியவர் பேராசைக்காரரா? அவரை அழைத்துச் சென்றவன் அந்நியன் அல்லன். அண்டை வீட்டான், மைத்துனன், ஒன்றாய்ப் படித்தவன். முதல் சில திங்கள் வட்டியும் ஒழுங்காய் வந்தது. உழைப்புக்கேற்ற கூலி வராத இடத்தில், உழையாத பணத்துக்கு வட்டி வரும் என்ற பேச்சு உள்ளே நுழைவது எளிது. ஆசை அங்கே தூண்டப்பட்டது உண்மை. ஆனால் அதற்கு முன்பே அச்சம் அங்கே குடியிருந்தது. படம் ஆசையைக் காட்டியது, அச்சத்தைக் காட்டவில்லை. கள்வனுக்குப் பின்கதை தந்தது, ஏமாந்தவனுக்குத் தரவில்லை. ஆகவேதான் கொட்டகையில் இருந்தவன் ஏமாந்தவனோடு சேராமல், ஏமாற்றுபவனோடு சேர்ந்து சிரித்தான். “நான் அவ்வளவு மடையன் இல்லை” என்ற இறுமாப்போடு வீட்டுக்குப் போனான். அந்த இறுமாப்பே அடுத்த கள்வன் நுழையத் திறந்து வைத்த வாசல்.

இன்னொரு குறையும் உண்டு. செம்பு அரிசியை ஈர்க்காது. அரிசிக்குள் இரும்புத்தூளைக் கலந்து, காந்தத்தை மறைத்து வைத்தால்தான் ஈர்க்கும். மண்ணுளிப் பாம்புக்கு இரண்டு தலை கிடையாது. வால் மழுங்கலாய் இருப்பதால் தலைபோல் தோன்றுகிறது. இவற்றைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னவரை, படத்துக்கு நன்றி. ஆனால் கேள்வி கேளாமல் நம்பும் பழக்கத்தை மனிதன் எங்கே கற்றான்? தொட்டிலிலேயே கற்றான். கல் வரம் தரும், கயிறு காக்கும், கட்டம் சொல்லும் என்று பழகிய உள்ளத்துக்குச் செம்பு பொன் தரும் என்பது புதிய பாடம் அன்று. பழைய பாடத்தின் அடுத்த பக்கம். வேரைத் தொடாமல் கிளையைக் கிள்ளினால் மரம் பட்டுப்போகுமா?

இனி இரண்டாம் படம். 1995 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் தமிழக நெடுஞ்சாலையோர வீடுகளில் புகுந்து, கொன்று கொள்ளையடித்த வடநாட்டுக் கூட்டத்தைப் பிடித்த வரலாறே அதன் கரு. 2005 சனவரியில் கும்மிடிப்பூண்டி சட்டமன்ற உறுப்பினர் சுதர்சனம் கொல்லப்பட்ட பின், ஜாங்கிட் தலைமையில் அமைந்த தனிப்படை வட மாநிலங்கள் வரை சென்று பவாரியா கூட்டத்தினரைக் கைது செய்தது. நெடுஞ்சாலை ஓரத்திலேயே வாழும் பாலாற்றங்கரை மக்களுக்கு அந்த ஆண்டுகளின் அச்சம் ஏட்டுக்கதை அன்று. கொலையுண்டோரின் குருதி உண்மை. காவலரின் அலைச்சலும் உண்மை. கார்த்தி ஏற்ற தீரன் திருமாறன் என்ற அதிகாரியின் உழைப்பைப் படம் மிகையில்லாமல் காட்டும் இடங்கள், குறிப்பாகக் கைரேகையைக் கொண்டு ஊர் ஊராய்த் தேடும் இடங்கள், தமிழ்த் திரையில் அரியவை. இதை மறுப்பது நேர்மையாகாது.

ஆனால் பார்த்தவர் சொன்னது என்ன? “அந்தக் கூட்டமே அப்படித்தான்! பிறப்பிலேயே கொள்ளைக்காரர்!” இந்தச் சொல்தான் நம்மைத் திடுக்கிட வைக்கிறது. ஏனெனில் இது படம் பார்த்தவன் புதிதாய்க் கண்டுபிடித்த சொல் அன்று. 1871இல் வெள்ளையன் எழுதிய சட்டத்தின் சொல். குற்றப்பரம்பரைச் சட்டம் என்று அதற்குப் பெயர். 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. இன்ன குலத்தில் பிறந்தவன் குற்றவாளி. அவன் கைரேகையைப் பதிவு செய். இரவில் காவல் நிலையத்தில் படுக்க வை! இதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கி வெடித்தது. மாயக்காள் என்னும் பெண்ணும் மாண்டாள். சென்னை மாகாணத்தில் 1947இலும், இந்தியா முழுமைக்கும் 1952இலும் அச்சட்டம் நீங்கியது. ஏட்டிலிருந்து நீங்கியது; உள்ளத்திலிருந்து நீங்கவில்லை என்பதற்குக் கொட்டகைக் கருத்தே சான்று.

கைரேகை என்ற ஒன்றையே எண்ணிப் பாருங்கள். கொள்ளை நடந்த வீட்டில் கிடைத்த ரேகையைக் கொண்டு, அதற்குரிய ஒருவனைத் தேடிப் பிடிப்பது அறிவு. ஒரு குலத்தின் எல்லார் ரேகையையும் முன்கூட்டியே பதிந்துகொண்டு, திருட்டு எப்போது நடக்கும் என்று காத்திருப்பது வருணம். முன்னது செயலைப் பார்க்கிறது; பின்னது பிறப்பைப் பார்க்கிறது. பிறப்பால் உயர்ந்தவன் உண்டு என்பதை மறுக்கும் நாம், பிறப்பால் திருடன் உண்டு என்பதை ஏற்கலாமா? ஒன்றை ஏற்றால் மற்றதையும் ஏற்றதாகும். அது ஒரே நாணயத்தின் பூவும் தலையும். சீர்மரபினர் எதிர்ப்புத் தெரிவித்ததும், படத்தைத் தயாரித்தோர் வருத்தம் தெரிவித்து, குற்றப்பரம்பரை என்ற சொல்லை நீக்க இசைந்தனர். நன்று. திரையிலிருந்து சொல்லை நீக்கலாம். பார்த்தவன் நெஞ்சிலிருந்து நீக்குவது யார்?

நீக்காவிட்டால் என்ன நேரும் என்பதற்கும் வரலாறு உண்டு. 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில், திருட்டு ஐயத்தின்பேரில் பிடிக்கப்பட்ட குறவர் குலத்து இராசாக்கண்ணு அடித்துக் கொல்லப்பட்டார். வழக்கறிஞர் சந்துரு உயர்நீதிமன்றத்தில் வாதாடி உண்மையை வெளிக்கொணர்ந்தார். 2021இல் வந்த ‘ஜெய் பீம்’ அந்நிகழ்வை இருளர் வாழ்வாக மாற்றிச் சொன்னது. அதைக் கண்டு கண்ணீர் விட்டோர் பலர். “பிறப்பிலேயே கொள்ளைக்காரர்” என்று சொன்ன வாயும், இராசாக்கண்ணுக்காக “ஐயோ” என்ற வாயும் ஒரே வாயாக இருந்தால், அந்தக் கண்ணீருக்குப் பொருள் என்ன?

நம் முன்னோடிகள் கள்வன் கதையை எழுதாதவர்கள் அல்லர். 1950இல் வந்த ‘மந்திரி குமாரி’க்குக் கலைஞர் உரையாடல் தீட்டினார்; குண்டலகேசிக் கதையே அதன் மூலம். அங்கே கொள்ளைக்காரன் யார்? காட்டில் அலையும் ஏழையா? இல்லை. அரசனின் இராஜகுருவுக்குப் பிறந்த மகன்! கொள்ளையைக் கலை என்று பெருமை பேசுபவன். குற்றம் குடிசையில்தான் பிறக்கும் என்ற எண்ணத்தைத் திரையிலேயே தலைகீழாக்கிய திருப்பம் அது. திருப்பம் என்றால் அதுவன்றோ திருப்பம்! கதையை மட்டுமன்றி, பார்ப்பவனின் எண்ணத்தையும் திருப்பியது.

அந்த உரைகல்லில் இவ்விரு படங்களையும் உரசிப் பார்த்தால் உண்மை விளங்கும். கழுத்துப்பட்டி கட்டிய கள்வனுக்கு மூளை என்றோம், மனமாற்றம் என்றோம், மன்னிப்பு என்றோம். கூடாரத்தில் வாழும் கள்வனுக்குக் குலம் என்றோம், குருதி என்றோம், குண்டு என்றோம். முதல்வன் செய்தால் தனியொருவன் தவறு. இரண்டாமவன் செய்தால் ஒரு கூட்டத்தின் குணம். படங்கள் இதற்கு இடங்கொடுத்தன. தீர்ப்பை எழுதியவர்களோ நாம்.

இளைஞர்களே! படம் பார்க்காதீர் என்று சொல்வதற்கு இவ்வேடு இல்லை. பாருங்கள், திருப்பங்களைச் சுவையுங்கள், நன்றாய் எடுத்திருந்தால் நன்று என்றும் சொல்லுங்கள். சொல்லுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இக்கதையில் ஏமாந்தவனுக்கு முகம் இருக்கிறதா? கள்வனைச் செயலால் அளந்தார்களா, பிறப்பால் அளந்தார்களா? என் கைதட்டல் யாருக்கு இலாபம், யாருக்கு இழப்பு?

இக்கேள்விகளை ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஷூ கம்பெனி விட்டு வரும் தோழர்களிடம் கொண்டு செல்லுங்கள். திங்களுக்கு 30 விழுக்காடு என்று ஒருவன் வாசலில் வந்து நிற்கும் நாளில், காகிதமும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போட அவர்கள் கற்றிருந்தால், அவன் வந்த வழியே திரும்புவான். ஊரோரம் கூடாரமடித்த குடும்பத்தைக் கண்டதும் ஐயம் எழும் நாளில், இவர் செய்தது என்ன என்று கேட்க அவர்கள் கற்றிருந்தால், இன்னொரு இராசாக்கண்ணு பிழைப்பான்.