'குயின் காங்': தலைகீழாக்கமும் அங்கதத்தின் எல்லையும்

மெரியன் கூப்பர், எர்னஸ்ட் ஷோட்சாக் ஆகியோர் இயக்கிய 'கிங் காங்' (1933), பேருருவ விலங்குத் திரைப்படங்களுக்கு முன்மாதிரியாக விளங்குவது. அதனைப் பகடி செய்து, பிராங்க் அக்ராமாவின் இயக்கத்தில் 1976ஆம் ஆண்டு பிரிட்டனில் குறைந்த செலவில் உருவானது 'குயின் காங்'. மூலப்படத்தில் ஆண் குரங்கு பெண்ணை விரும்புகிறது. பகடியில் பெண் குரங்கு ஆணை விரும்புகிறது. மூலப்படத்தின் நாயகியாக நடித்த ஃபே ரேயின் பெயரே முன்பின்னாக மாறி, 'ரே ஃபே' எனப் பகடியின் நாயகனுக்குச் சூட்டப்பட்டுள்ளது. இத்தலைகீழாக்கம் எதனைக் கவிழ்க்கிறது, எதனைக் கவிழ்க்காமல் விடுகிறது என்பதை இக்கட்டுரை நோக்குகிறது.

அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு எனத் தொல்காப்பியம் இருவகைப்படுத்தும். கிங் காங்கை வெளிப்படையாகக் கேலி செய்வதால் இப்படம் செம்பொருள் அங்கதமாகவே தோன்றும். எனினும், ஆணொருவன் குரங்கின் பிடியில் அலறும்போது நகைப்பு எழுகிறது. 1933இல் பெண் அலறியபோதோ அச்சமே எழுந்தது. அவ்வேறுபாட்டை இயல்பெனக் கொண்ட பார்வையாளரே இங்கு மறைமுகமாகப் பழிக்கப்படுகின்றனர். இது பழிகரப்பின் பாற்படும்.

செலவுச் சுருக்கமும் இந்நோக்கிற்குத் துணைநிற்கிறது. வில்லிஸ் ஓ'பிரையன் பொம்மையைச் சிறிது சிறிதாக அசைத்துப் படம்பிடித்துக் காங்கிற்கு உயிரூட்டினார். இங்கோ குரங்குடை அணிந்த மனிதரும் விளையாட்டுப் பொருள்போன்ற கட்டடங்களுமே உள்ளன. மாயை குலைவதால், பெண்ணின் வேட்கையை அச்சுறுத்தும் பேருருவாகக் காண்பதும் ஒரு புனைவே என்பது புலப்படுகிறது.

மூலப்படத்தில் காங் எம்பயர் ஸ்டேட் கட்டடத்திலிருந்து வீழ்ந்து மடிகிறது. பகடியில், நாயகனின் வேண்டுகோளை ஏற்று இலண்டன் பெண்கள் திரண்டெழ, குயின் காங் உயிர்பிழைக்கிறது. பிரிட்டனில் பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் 1975இல் நிறைவேறியதை நினைவிற்கொண்டால், இம்முடிவின் காலப்பொருத்தம் விளங்கும். ஆயினும், பெண்ணுடலைக் காட்சிப்பொருளாக்கும் வழக்கத்தைப் படம் கைவிடவில்லை. பெண்ணுரிமை முழக்கத்தையும் நகைப்பிற்குள்ளாக்குகிறது. ஆப்பிரிக்காவை விந்தைமாந்தர் வாழும் நிலமாகக் காட்டும் பழைய நோக்கும் மாறவில்லை. பால்நிலை கவிழ்ந்தது, குடியேற்ற ஆதிக்கப் பார்வை கவிழவில்லை.

கிங் காங் உரிமை சார்ந்த வழக்கால் இப்படத்தின் திரையரங்க வெளியீடு பெரிதும் தடைப்பட்டது. எளிய பகடியொன்றைப் பெருநிறுவனங்கள் பொருட்படுத்தியமை நோக்கத்தக்கது. கலைத்தரத்தில் 'குயின் காங்' மூலப்படத்திற்கு ஈடாகாது. ஆனால், அதனைக் கண்டபின் மூலப்படத்தின் அலறலை முன்புபோல் ஐயமின்றிக் கேட்க இயலாது. பகடியின் பயன் அதுவே எனலாம்.