கணபதி அங்கிள் கேட்காத சர்ட்டிபிகேட்

‘ஓ காதல் கண்மணி’ 2015 ஏப்ரலில் வந்தபோது முதல் வாரமே தியேட்டரில் பார்த்தேன். ரொம்பப் பிடிச்சிருந்தது. போன வாரம் வீட்டில் மனைவியோடு மறுபடி பார்த்தேன். இப்பவும் பிடிக்குது, ஆனா ஒரு இடத்தில் உறுத்துது. அதைத்தான் எழுதி வைக்கிறேன்.

கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். மும்பையில் வீடியோ கேம் செய்கிற ஆதி, ஆர்க்கிடெக்டான தாரா. அவனுக்கு அமெரிக்கக் கனவு, அவளுக்குப் பாரிஸ். இருவருக்குமே கல்யாணத்தில் நம்பிக்கை இல்லை. ஊரைவிட்டுக் கிளம்பும்வரை சேர்ந்து இருப்போம் என்று முடிவெடுக்கிறார்கள். ஆதி தங்கியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் கணபதி (பிரகாஷ் ராஜ்). அவர் மனைவி பவானிக்கு (லீலா சாம்சன்) அல்சைமர்ஸ். கடைசியில் பசங்க கல்யாணம் பண்ணிக்கிறாங்க.

மணிரத்னம் இதே கணக்கை 2000-ல் ‘அலைபாயுதே’யில் தலைகீழாகப் போட்டிருந்தார். அதில் தாலி கட்டியாச்சு, ஆனா அவரவர் வீட்டில் இருப்பார்கள். இதில் தாலி இல்லை, ஒரே அறையில் இருக்கிறார்கள். ரெண்டுக்கும் பி.சி. ஸ்ரீராம் கேமரா, ரஹ்மான் இசை. முதல் படத்தில் சேர்ந்து வாழ ஆரம்பித்த பிறகுதான் உண்மையான சண்டையே வருகிறது. வாடகை, வேலை, பொய், மௌனம் எல்லாம் அங்கே உண்டு. பதினைந்து வருஷம் கழித்து வந்த படத்தில் சேர்ந்து வாழ்வது கிட்டத்தட்ட நீளமான ஹனிமூன். பாத்திரம் யார் கழுவுவது என்றுகூட ஒரு சண்டை இல்லை!

சரி, அது சின்னக் குறை. என் உறுத்தல் கணபதியிடம் இருக்கிறது. தாரா அங்கே தங்க அவர் முதலில் சம்மதிக்கவில்லை. அவள் கர்நாடக சங்கீதம் பாடுகிறாள், பவானி மலர்ந்து போகிறார், அவரும் இறங்கி வந்துவிடுகிறார். அழகான காட்சி, இல்லைன்னு சொல்லல. ஆனால் நம்மூரில் சேர்ந்து வாழ நினைக்கிற ஜோடிக்கு முதல் சுவரே வீட்டுக்காரர்தான். அந்தச் சுவர் ஒரு பாட்டில் கரைந்துவிடுகிறது. பாடத் தெரியாத பொண்ணு என்ன பண்ணுவா?

இன்னொன்று. மனைவி தன்னையே மறந்துகொண்டிருக்கும்போதும் கணபதி அவருக்கு ஊட்டி, உடுத்தி, தேடிக் கூட்டி வருகிறார். இதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஆதியும் தாராவும் மனம் மாறுகிறார்கள். படத்தின் மொத்த வாதமும் இதுதான்: கல்யாணம்னா இதுப்பா. ஆனால் கணபதி செய்வது தாலி கட்டியதன் விளைவா, பல வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்ததன் விளைவா? எனக்கு ரெண்டாவதுதான் தெரிகிறது. தாலி கட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காத ஆட்களும் ஊரில் உண்டே. படம் வைக்கிற மிக நல்ல சாட்சி, படத்தின் தீர்ப்புக்கு எதிராகவே பேசுகிறது.

அப்போ கல்யாணம் நிஜமாகவே என்னதான் தருகிறது? அன்பை அல்ல, உரிமையைத் தருகிறது: ஜீவனாம்சம், பென்ஷன், வாரிசுரிமை. படம் இந்தப் பக்கமே வரவில்லை. தாரா வசதியான வீட்டுப் பெண் என்பதால் வரத் தேவையும் இல்லை.

அந்த வசதி இல்லாத பெண்ணின் நிலைமை என்ன? 2005-ன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் ‘திருமணத்தின் தன்மை கொண்ட உறவு’ என்று ஒன்றைச் சேர்த்து, தாலி இல்லாத பெண்ணுக்கும் பாதுகாப்பு தந்தது. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று உச்ச நீதிமன்றம் விளக்கியது 2010 அக்டோபரில், கோயம்புத்தூர் குடும்ப நீதிமன்றத்தில் தொடங்கிய ஒரு வழக்கில். நான்கு நிபந்தனைகள். அதில் முதலாவது, சமூகத்தின் முன் கணவன் மனைவி போலவே தங்களைக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். எங்க ப்ரோகிராமிங்கில் இதற்கு டக் டைப்பிங் என்று பெயர். வாத்து மாதிரி நடந்து வாத்து மாதிரி கத்தினால் அது வாத்து, பிறப்புச் சான்றிதழ் கேட்க மாட்டோம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் ‘நாங்க கணவன் மனைவி இல்லை’ என்று நேர்மையாகச் சொல்லிக்கொண்டு திரிகிற தாரா இந்த முதல் நிபந்தனையிலேயே தடுமாறுவாள். பொய் சொன்னவளுக்குப் பாதுகாப்பு, உண்மை சொன்னவளுக்குச் சந்தேகம். உத்தராகண்டில் 2025 ஜனவரியிலிருந்து வேற மாதிரி: சேர்ந்து வாழ ஆரம்பித்தால் ஒரு மாதத்துக்குள் பதிவு செய்யணும். செய்யாவிட்டால் மூன்று மாதம்வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய்வரை அபராதம். சும்மா இருப்பதற்கும் சர்ட்டிபிகேட்!

இதெல்லாம் மும்பை, டெல்லி சமாசாரம், நமக்குப் புதுசு என்று நண்பர்கள் சொல்வார்கள். நமக்குத்தான் இது ரொம்பப் பழசு. 1928-ல் அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை. 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம், உரிய சடங்கு இல்லாததால் அப்படி நடந்த ஒரு திருமணம் செல்லாது என்றது. அண்ணா ஆட்சியில் 1967-ல் கொண்டுவந்த திருத்தம் 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. முன்பு நடந்தவையும் செல்லும் என்று அதில் எழுதிச் சேர்த்தார்கள். அதாவது சுமார் நாற்பது வருஷம், ஊரறிய மாலை மாற்றிப் பிள்ளை பெற்றுக் குடும்பம் நடத்திய நம் தாத்தா பாட்டிகள் பலர் சட்டத்தின் கண்ணில் வெறுமனே ‘சேர்ந்து வாழ்ந்தவர்கள்’. அவர்கள் பிள்ளைகளின் சொத்துரிமை கேள்விக்குறியாக இருந்தது. இப்படி ஒரு கதை நம்மிடம் இருக்கும்போது, ஒரு பாட்டில் பிரச்சினையைத் தீர்க்கிற படம் கொஞ்சம் மெலிதாகத்தான் தெரிகிறது.

இவ்வளவு பேசுகிறேனே, நான் என்ன யோக்கியமா? ஏழெட்டு வருஷம் முன்னாடி எங்க அப்பார்ட்மென்ட் அசோசியேஷனில் நான் செக்ரட்டரி. மூணாவது மாடியில் ஒரு ஜோடி வாடகைக்கு வந்தது, ரெண்டு பேரும் ஐ.டி. கழுத்தில் தாலி இல்லை என்று யாரோ கவனித்துப் புகார் சொன்னார்கள். ‘அசோசியேஷன் ரெக்கார்டுக்காக’ திருமணச் சான்றிதழ் நகல் அனுப்பும்படி ரொம்ப மரியாதையாக ஒரு மெயில் போட்டேன். அந்தப் பெண் லிஃப்ட் பக்கத்தில் நிறுத்திக் கேட்டாள்: “சார், உங்க சர்ட்டிபிகேட் அசோசியேஷன் ஃபைல்ல இருக்கா?”

என்னிடமே இல்லை. எங்க கல்யாணம் 2005-ல். தமிழ்நாட்டில் பதிவு கட்டாயமானது 2009-ல்தான். எங்ககிட்ட இருப்பது ஒரு ஆல்பம், ஒரு வீடியோ கேசட், ரேஷன் கார்டில் என் பேருக்குக் கீழே அவள் பேர். “அது வேறம்மா” என்றேன். எப்படி வேற என்று அவள் கேட்கவில்லை. ரெண்டாவது மாசம் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. கடைசிவரை அவங்களுக்குக் கல்யாணம் ஆச்சா ஆகலையான்னு எனக்குத் தெரியாது.

கணபதி பாட்டு கேட்கும் காட்சி வந்தபோது என் மனைவி திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். ஒண்ணும் சொல்லல. அந்த மெயில் இன்னும் என் அனுப்பிய பெட்டியில் இருக்கிறது. போன மாசம் இரண்டாவது மாடிக்குப் புதுசா வந்தவர்களுக்கு இப்போதைய செக்ரட்டரி ஒரு மெயில் அனுப்பினார், எனக்கும் ஒரு காப்பி வந்தது. என் வாசகம்தான், ஒரு கமா மாறவில்லை.