துப்பாக்கி வெடிப்பதற்கு முன்னால்

பெண்களுக்கான 80 மீட்டர் தடை தாண்டும் ஓட்டம் பதினோரு விநாடிக்குள் முடிந்துவிடும். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் அதன் முதல் மூன்று இடங்கள் 10.54, 10.55, 10.56. எந்த மனிதக் கண்ணாலும் பிரித்துச் சொல்ல முடியாத வித்தியாசம் அது. கோன் இச்சிகாவா எடுத்த ‘டோக்கியோ ஒலிம்பியாட்’ படத்தில் இந்த ஓட்டம் வருகிறது. அந்த மூன்று பெண்களின் பெயரை நான் புத்தகத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஐந்தாவதாக வந்த இகுகோ யோதாவின் முகம் மட்டும் எதையும் பார்க்காமலே நினைவுக்கு வருகிறது.

காரணம், படம் அவரை ஓட்டத்துக்கு முன்பே பிடித்துக்கொள்கிறது. ஓடுவதற்கு முன் யோதா கடைப்பிடிக்கும் சடங்குகள் ஜப்பானில் பிரசித்தம். தன் தடத்தைத் தானே துடைப்பத்தால் பெருக்குவார், நெற்றிப்பொட்டில் தைலம் தடவிக்கொள்வார், விசிலடிப்பார், குட்டிக்கரணம் போடுவார். ஒரு பெண் தன் பயத்தைக் கைகால்களுக்கு வேலை கொடுத்து அடக்குகிற காட்சி அது. பரீட்சை மண்டபத்து வாசலில் பேனாவைத் திறந்து திறந்து மூடுகிற பிள்ளையைப் பார்த்திருக்கிறோம் அல்லவா, அதே விரல்கள். இச்சிகாவா அவசரப்படவில்லை. நாட்டின் மொத்த எதிர்பார்ப்பும் ஒருத்தி தோளில் வந்து உட்கார்ந்திருக்கும்போது அந்தத் தோள் எப்படி அசையும் என்பதை நிதானமாகப் பார்க்கிறார்.

பிறகு ஓட்டம். கேமரா முடிவுக்கோட்டுக்கு அப்பால் நேரெதிரே நிற்கிறது. தொலைதூர லென்ஸ் மைதானத்தின் ஆழத்தை எல்லாம் தட்டையாக்கிவிடுகிறது. பெண்கள் ஓடி வருகிறார்கள், ஆனால் நெருங்கி வருவதாகவே தெரியவில்லை. ஒவ்வொரு தடையின்போதும் தலைகள் மேலே எழும்பி ஒன்றன்பின் ஒன்றாக இறங்குகின்றன, கட்டுமரங்கள் அலையேறி இறங்குவதுபோல. ஸ்லோ மோஷனில் கழுத்து நரம்புகள் தெரிகின்றன, உதடுகள் இழுபடுகின்றன. கூட்டத்தின் இரைச்சலை நாம் எதிர்பார்த்துக் காத்திருக்கிற இடத்தில் பெரும்பாலும் மௌனம்தான். யார் முந்துகிறார்கள் என்பதை அந்தக் கோணத்திலிருந்து கண்டுபிடிக்கவே முடியாது. அது தெரிந்துதான் அவர் கேமராவை அங்கே வைத்தார் என்று நம்புகிறேன். பந்தயத்தைக் காட்ட வேண்டுமானால் பக்கவாட்டில் வைத்திருப்பார். அவருக்கு வேண்டியிருந்தது முகங்கள்.

இந்தப் படத்தை முதலில் எடுக்க இருந்தவர் அகிரா குரோசவா. அவர் விலகிய பிறகு இது இச்சிகாவாவிடம் வந்தது. ‘தி பர்மீஸ் ஹார்ப்’, ‘ஃபயர்ஸ் ஆன் த பிளெய்ன்’ என்று போரில் சிதைந்த மனிதர்களைப் பற்றி இரண்டு பெரிய படங்களை ஏற்கெனவே எடுத்திருந்தவர் அவர். சினிமாவுக்குள் அவர் நுழைந்தது கார்ட்டூன் படம் வரைகிறவராக. ஒரு கோடு எங்கே வளைந்தால் உயிர் வரும் என்று தெரிந்த கை. அவருடைய மனைவி நத்தோ வாதாவும் கவிஞர் ஷுந்தாரோ தனிகாவாவும் சேர்ந்து உழைத்த திரைக்கதை, போட்டிகள் தொடங்குவதற்கு முன்பே தயாராக இருந்தது. ஆவணப்படத்துக்குத் திரைக்கதையா என்று முதலில் எனக்கும் வியப்பாக இருந்தது. நடக்கப்போவதை யாரால் எழுத முடியும்? ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்பதை எழுதிவைத்துக்கொள்ள முடியும். நூற்றுக்கும் மேற்பட்ட கேமராக்கள் மைதானமெங்கும் சுற்றியபோதும் படம் சிதறாமல் ஒரே கண்ணால் பார்த்ததுபோல இருப்பதற்கு அந்த முன்யோசனைதான் காரணம்.

தொடக்கமே அதைச் சொல்லிவிடுகிறது. அகன்ற திரையில் சூரியன், ஜப்பான் கொடியின் வட்டம்போல. அடுத்து வருவது விளக்குகளும் அல்ல, வாணவேடிக்கையும் அல்ல. ஒரு இரும்புக் குண்டு ஆடி வந்து பழைய கட்டடத்தில் மோதுகிறது. சுவர் பொலபொலவென்று உதிர்கிறது. 1940இல் இதே நகரில் நடக்க வேண்டிய ஒலிம்பிக் போரால் நின்றுபோனது. அதன்பின் நகரமே எரிந்தது. இடித்துத்தான் இந்த மைதானத்தைக் கட்டினோம் என்பதை இத்தனை சுருக்கமாக வேறு எப்படிச் சொல்வது? சுடர் ஹிரோஷிமாவைக் கடந்து வருகிறது. கடைசியாக அதை ஏந்திப் படியேறிக் கொப்பரையில் ஏற்றுபவர் யோஷினோரி சகாய், 19 வயது மாணவர். 1945 ஆகஸ்ட் 6 அன்று, அணுகுண்டு விழுந்த அதே நாளில், ஹிரோஷிமா மாவட்டத்தில் பிறந்தவர். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, அத்தனை படிக்கட்டுகளின் நடுவே ஒற்றை ஆள். படம் அங்கே குரலை உயர்த்தவே இல்லை.

குண்டு எறிதல் காட்சியைத் தனியாகச் சொல்ல வேண்டும். சோவியத் வீரர் ஒருவர் வட்டத்துக்குள் நிற்கிறார். குண்டைக் கழுத்தில் வைக்கிறார். எடுக்கிறார். பனியனை இழுத்துவிடுகிறார். மறுபடி வைக்கிறார், தடவுகிறார், மறுபடி எடுக்கிறார். மலைபோன்ற உடம்பு, உள்ளே பதறுகிற ஒரு குழந்தை. எத்தனை மீட்டர் எறிந்தார் என்பது அந்த இடத்தில் நமக்குத் தோன்றவே தோன்றாது. என் பள்ளியில் விளையாட்டு விழா நடக்கும் நாளில், சுண்ணாம்புக் கோட்டுக்குப் பின்னால் நின்று காக்கி டிரவுசரை இரண்டு மடிப்பு மேலே சுருட்டி, உள்ளங்கையில் மண்ணை எடுத்துத் தேய்த்து, மறுபடி டிரவுசரை இறக்கிவிடுகிற பையன் ஒருவன் இருந்தான். அவன் ஜெயித்தானா என்று நினைவில்லை. டிரவுசரைச் சுருட்டியது நினைவிருக்கிறது. நாற்பது வருடத்துக்குப் பிறகு இந்தப் படத்தைப் பார்த்தபோதுதான், நான் அன்று பார்க்க வேண்டியதைத்தான் பார்த்திருக்கிறேன் என்று ஒரு நிம்மதி வந்தது.

கதைப்படங்களிலும் இந்த உண்மை வேலை செய்கிறது. ‘சார்பட்டா பரம்பரை’யில் டான்சிங் ரோஸ் யாரை எத்தனை முறை குத்தினார் என்று எண்ணிச் சொல்பவர் குறைவு. அவர் கால் எப்படி ஆடியது, இடுப்பு எப்படி வளைந்தது, கையைத் தொங்கவிட்டுக்கொண்டு எதிராளியை எப்படிப் பக்கத்தில் வரவிட்டார் என்பதை ஊரே நடித்துக் காட்டியது. ஷபீர் கல்லரக்கல் குத்துச்சண்டை வீரராக மட்டும் நடித்திருந்தால் அந்தப் பாத்திரம் பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும். அடிக்கு முன்னால் இருக்கிற ஆட்டம் அவரை ஆளாக்கியது.

ஒலிம்பிக்கைப் படமெடுத்தவர்களில் இச்சிகாவாவுக்கு முன்னால் பெரிய பெயர் லெனி ரீஃபன்ஸ்டால். 1936 பெர்லின் போட்டிகளை வைத்து அவர் எடுத்த ‘ஒலிம்பியா’வில் வீரர்கள் சிலைகள்போல வானத்தை மறைத்து நிற்பார்கள். கீழிருந்து அண்ணாந்து பார்க்கிற கேமரா அது. தொழில்திறனில் குறை சொல்ல முடியாது, ஆனால் அந்த உடல்களுக்கு மூச்சு வாங்குவதில்லை என்று எனக்குத் தோன்றும். இச்சிகாவாவின் மனிதர்களுக்கு மூச்சு வாங்குகிறது, மூக்கு ஒழுகுகிறது, கால் கொப்பளிக்கிறது. மழை பெய்தால் நனைகிறார்கள். தொடக்க விழாவில் புறாக்களைப் பறக்கவிடும்போது தலையைக் காத்துக்கொள்ளக் குனிகிறார்கள். மணற்குழியைச் சமன்படுத்துகிறவர், அளவு நாடாவைப் பிடிக்கிறவர், குடைக்குள் ஒண்டியிருக்கிற பார்வையாளர் எல்லாருக்கும் அகன்ற திரையில் இடம் உண்டு.

இந்தப் படத்தின் ஒலியைக் கண்ணை மூடிக்கொண்டும் ரசிக்கலாம். ஆணி வைத்த காலணி தடத்தைக் கவ்வுகிற சத்தம், இரும்புக் குண்டு ஈர மண்ணில் புதைகிற சத்தம், மூச்சு. அத்தனை தூரத்திலிருந்து எடுத்த காட்சிக்கு அவ்வளவு பக்கத்து ஒலி மைதானத்திலேயே கிடைத்திருக்க வழியில்லை, பின்னால் சேர்த்திருக்க வேண்டும். பொய் என்று சிலர் சொல்லக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. ஓடுகிறவன் காதில் விழுவது அதுதான். எண்பதாயிரம் பேர் கத்தினாலும் அவனுக்குத் தன் மூச்சுதான் கேட்கும்.

அகமது ஈசா. சாட் நாட்டிலிருந்து வந்தவர், 22 வயது, 800 மீட்டர் ஓட்டக்காரர். சாட் விடுதலை பெற்றது 1960இல். அவரைவிட அவர் நாடு பதினெட்டு வயது இளையது. அந்த நாடு டோக்கியோவுக்கு அனுப்பியதே இரண்டு பேரைத்தான். இத்தனை ஆயிரம் வீரர்களில் படம் இவரோடு நடக்கத் தொடங்குகிறது. ஒலிம்பிக் கிராமத்தில் நடக்கிறார். பயிற்சி எடுக்கிறார். சாப்பாட்டுக் கூடத்தில் தட்டோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார். சுற்றிலும் கூட்டம் கூட்டமாக மற்ற நாட்டார், அவர்களுடைய சிரிப்பு, பேச்சு. இவர் பேசுவதில்லை. பேச ஆள் இல்லை. முதல் சுற்றைத் தாண்டி அரையிறுதி வரை போய் அங்கே தோற்கிறார். அவ்வளவுதான் ‘கதை’. 800 மீட்டரிலும் 1500 மீட்டரிலும் தங்கத்தை அள்ளிக்கொண்டு போனவர் நியூசிலாந்தின் பீட்டர் ஸ்னெல். ஆனால் ஈசா உணவை மெல்லுகிற அந்த நேரம் படத்தின் நடுவில் ஒரு கிணறுபோல ஆழமாக இருக்கிறது. அவருக்காக இசை அழவில்லை, விவரணைக் குரல் இரங்கவில்லை. வெளியூரில் முதல் வேலைக்குப் போய் மெஸ்ஸில் ஒரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்ட யாருக்கும் அந்தத் தட்டின் கனம் தெரியும்.

மைதானத்துக்கு வந்த டோக்கியோ மக்களுக்கும் இந்தக் கண் இருந்திருக்கிறது. அதே போட்டிகளின் 10,000 மீட்டர் ஓட்டத்தில் அமெரிக்காவின் பில்லி மில்ஸ் யாரும் எதிர்பாராமல் வென்றார். எல்லாரும் ஓடி முடித்த பிறகும் இலங்கையின் கருணானந்த, மார்பில் 67 என்ற எண்ணோடு, தனியாக மிச்சமிருந்த சுற்றுகளை ஓடிக்கொண்டிருந்தார். முதலில் நகைத்த கூட்டம் கடைசியில் எழுந்து கைதட்டியது. ஜப்பானியப் பள்ளிப் பாடப்புத்தகத்தில் அவர் கதை இடம்பெற்றது.

1965 மார்ச்சில் வெளியாகும் முன் படத்தைப் பார்த்த ஒலிம்பிக் துறை அமைச்சர் இச்சிரோ கோனோவுக்கு இது பிடிக்கவில்லை. ஆவணமாக இது தேறாது என்பது அவர் கருத்து. கலையா, ஆவணமா என்று பத்திரிகைகளில் பெரிய சண்டை மூண்டது. நடிகை ஹிதேகோ தகமினே படத்தின் பக்கம் நின்று எழுதினார். மக்கள் திரண்டு போய்ப் பார்த்தார்கள். அமெரிக்காவில் 170 நிமிடப் படத்தை ஏறக்குறைய 93 நிமிடமாக வெட்டி வெளியிட்டார்கள். வெட்டினால் முதலில் போவது எதுவாக இருக்கும்? பனியனை இழுத்துவிடுகிற கை, மணலை வாருகிற ஆள். அமைச்சரின் வருத்தம் எனக்குப் புரியாமலில்லை. நாட்டின் வெற்றிகளை வரிசையாகப் பார்க்க வந்தவர் அவர். சோவியத் அணியை வென்று ஜப்பானியப் பெண்கள் கைப்பந்தில் தங்கம் பெற்ற கட்டத்தில்கூட, பெண்கள் அழுது கட்டிக்கொள்கிற பொழுதில், கேமரா பயிற்சியாளர் தைமாட்சுவைத் தேடிப் போகிறது. இரக்கமில்லாமல் பயிற்சி தந்தவர் என்று பேரெடுத்தவர். அவர் தனியே நிற்கிறார், இனி என்ன செய்வதென்று தெரியாதவர்போல.

கடைசியில் மாரத்தான். ரோமில் 1960இல் வெறுங்காலோடு ஓடி வென்ற எத்தியோப்பியாவின் அபெபெ பிகிலா, இங்கே காலணியோடு வருகிறார். குடல்வால் அறுவை நடந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. கேமரா அவர் முகத்தைப் பக்கவாட்டிலிருந்து பிடித்து விடமாட்டேன் என்கிறது. பின்னால் மரங்களும் மனிதர்களும் வண்ணக் குழம்பாக ஓடுகின்றன. முகத்தில் வலி இல்லை, மகிழ்ச்சி இல்லை, வியர்வை மட்டும் இறங்குகிறது. 2 மணி 12 நிமிடம் 11.2 விநாடி. இரண்டாவது ஆள் வர இன்னும் நான்கு நிமிடம் இருக்கிறது.

அந்த நான்கு நிமிடத்துக்குரிய மனிதர்களைப் படம் சாலையில் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறது. தண்ணீர் மேசையில் சிலர் கோப்பையைப் பறித்துக்கொண்டு ஓடுகிறார்கள். ஒருவர் நின்று, திருவிழாப் பந்தலில் நீர்மோர் குடிக்கிறவர்போல நிதானமாகக் குடிக்கிறார். சிலர் சாலையோரத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள். காலணியைக் கழற்றியதும் தோலுரிந்த பாதம்.

பிகிலாவுக்குப் பிறகு மைதானத்துக்குள் வருவது ஜப்பானின் கோகிச்சி சுபுராயா. கூட்டம் எழுகிறது. அவருக்குப் பின்னால், சில அடி தூரத்தில், பிரிட்டனின் பேசில் ஹீட்லி. ஓடும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அப்பா சொல்லி வளர்த்த பிள்ளை சுபுராயா. திரும்பிப் பார்க்கவில்லை. கடைசிச் சுற்றில் ஹீட்லி முந்துகிறார். 3.6 விநாடியில் வெள்ளி வெண்கலமாகிறது. அந்தப் போட்டிகளில் தடகளத்தில் ஜப்பானுக்குக் கிடைத்த ஒரே பதக்கம் அது. 1968 ஜனவரியில், 27 வயதில், சுபுராயா தன் உயிரை மாய்த்துக்கொண்டார். படம் எடுத்தபோது இச்சிகாவாவுக்கு அது தெரிந்திருக்க முடியாது. ஆனால் வென்றவரோடு கேமராவைத் திருப்பிக்கொண்டு போயிருந்தால் இன்று நமக்கு அந்த முகம் கிடைத்திருக்காது. ஓடிக் களைத்து, பின்னால் வருகிற காலடியைக் கேட்டும் கேட்காமலும், முன்னால் மட்டுமே பார்க்கிற முகம். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் “திரும்பிப் பாரய்யா” என்று வாய்க்குள் சொல்லிக்கொள்கிறேன்.