இரு 'தண்ணீர்'கள்: தாராவிச் சிறுமியரின் செயலியும் அசோகமித்திரனின் நாவலும்

'குழாயடிச் சண்டை' என்னும் வழக்கு தமிழில் இழிவுப் பொருளிலேயே ஆளப்பட்டு வருகிறது. சட்டமன்ற உறுப்பினர்கள் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டாலும், இலக்கியக் குழுக்களிடையே பூசல் மூண்டாலும் அது குழாயடிச் சண்டை எனப்படுகிறது. தெருக்குழாயில் வரிசைக்காக வாதிடும் பெண்ணின் பேச்சு பொருளற்ற கூச்சல் என்னும் முன்முடிவு இவ்வழக்கினுள் பொதிந்துள்ளது. அப்பேச்சை உற்றுக் கேட்பின் அது பெரும்பாலும் கணக்கைப் பற்றியதாக இருப்பதை உணரலாம். யார் முன்னர் வந்தார், எவருடைய குடம் எத்தனையாவது, நீர் இன்னும் எவ்வளவு நேரம் வரும் என்பனவே அங்கு வழக்காடப்படுகின்றன. பங்கீடு குறித்த வாதத்தைச் சண்டை என்று பெயரிட்டு ஒதுக்கியவர்கள், பெரும்பாலும் குடம் தூக்காதவர்களே.

இக்கணக்கை ஒரு மென்பொருளாக எழுதிப் பார்த்த முயற்சி மும்பைத் தாராவியில் நிகழ்ந்துள்ளது. திரைப்பட இயக்குநர் நவ்நீத் ரஞ்சன் 2012-இல் தாராவி குறித்து 'தாராவி டைரி' என்னும் ஆவணப்படத்தை எடுத்தார். அதன் தொடர்ச்சியாக, அப்பகுதியின் நயா நகரில் சிறுமியர்க்குக் கணினி நிரலாக்கம் கற்பிக்கும் பணியும் தொடங்கிற்று. 2010-களின் இடைப்பகுதியில் அச்சிறுமியர் செல்பேசிச் செயலிகள் சிலவற்றை உருவாக்கினர். 'விமன் ஃபைட் பேக்' என்பது இடர்ப்பட்ட பெண்ணின் இருப்பிடத்தைக் குறுஞ்செய்தியாக அனுப்பி ஒலியெழுப்புவது. 'படாய்' என்பது இந்தி, ஆங்கிலம், கணக்கு ஆகியவற்றைப் பெண்குழந்தைகள் கற்பதற்கானது. 'பானி' என்பது பொதுக்குழாயில் நீர் பிடிப்போர்க்குச் செல்பேசி வழியே வரிசை இடம் தந்து, முறை வரும்போது அறிவிப்பது.

'பானி' என்னும் இந்திச் சொல்லைத் தமிழாக்கினால் 'தண்ணீர்' என்றே ஆகும். அசோகமித்திரனின் 1973-ஆம் ஆண்டு நாவலுக்கும் அதுவே பெயர். பெயரொற்றுமை தற்செயலானது. எனினும் சென்னைத் தெரு ஒன்றில் பெண்கள் நீருக்காக அலைவதைச் சொன்ன புனைகதையும், தாராவிச் சந்துகளில் பெண்கள் நீருக்காக நிற்பதை நிரலாக்கிய செயலியும் ஒரே பொருளைப் பற்றிய இருவேறு கருத்துரைகள் என்பதனால் அவற்றை அருகருகே வைத்து நோக்குதல் தகும்.

செயலியை இலக்கியத்தோடு ஒப்பிடுவது முறையா என்னும் ஐயம் எழலாம். இச்சிறுமியர் பயன்படுத்திய கருவி 'ஆப் இன்வென்டர்' என்பதாகும். கூகுள் நிறுவனத்தில் 2010-இல் வெளியாகிப் பின்னர் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பொறுப்பிற்கு வந்தது. அதில் நிரலை வரிவரியாக எழுத வேண்டுவதில்லை. வண்ணக்கட்டைகள் போன்ற துண்டுகளைத் திரையில் ஒன்றோடொன்று கோத்தால் போதும். ஒரு துண்டின் விளிம்பு அடுத்ததன் விளிம்போடு பொருந்தினாலன்றிக் கோவை நிகழாது. மாச்சீரை அடுத்து நிரையும் விளச்சீரை அடுத்து நேரும் வரவேண்டும் என்னும் வெண்டளையைப் பயின்றவர்க்கு இம்முறை புதிதாகத் தோன்றாது. ஒப்புமை அவ்வளவில் நிற்கட்டும். கருதவேண்டியது வேறொன்று. 'இது நேர்ந்தால் அது நிகழ்க' என்று கோக்கும் ஒவ்வொரு துண்டிலும், வாழ்க்கை எவ்வாறு நடைபெற வேண்டும் என்பது பற்றி உருவாக்கியவரின் கருத்து அடங்கியுள்ளது. கருவிகளைப் பற்றிய எளிய மக்களின் கருத்து திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் வாய்மொழியாகவே வெளிப்பட்டு மறையும். இங்கு அது செயற்படும் வடிவம் பெற்று நிலைத்திருக்கிறது. பனுவல் என்று கொள்வதற்கு இது போதிய காரணமாகும்.

அசோகமித்திரனின் நாவலில் காத்திருப்பு என்பது கதை நிகழும் களமாகவே அமைகிறது. ஜமுனாவும் அவள் தங்கை சாயாவும் வாழும் தெருவில் நீர் வற்றுகிறது; சாலை தோண்டப்படுகிறது; குடிநீரில் சாக்கடை கலக்கிறது. குடத்தோடு புறப்படும் ஒவ்வொரு நடையிலும் யாரேனும் ஒருவர் எதிர்ப்படுகின்றனர். ஒரு சொல் பிறக்கிறது. ஜமுனா தன் வாழ்வை முடித்துக்கொள்ள எண்ணும் நிலைக்குச் சென்று மீள்வதில் டீச்சரம்மாவின் பங்கு பெரிது. அவள் தன் இல்வாழ்வின் துயரை ஜமுனாவிடம் வெளிப்படையாக எடுத்துரைக்கும் பகுதி நாவலின் உயிர்நிலையாகும். நீருக்காக அலையும் நாள்களின் நடுவேதான் அந்நெருக்கம் வாய்க்கிறது. அத்தெருவில் வீட்டுக்கு வீடு நீர் தடையின்றி வந்திருப்பின் அப்பேச்சும் நிகழ்ந்திராது என்று வாசகர் எண்ண இடமுண்டு.

கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' (1980) இதிலிருந்து வேறுபட்ட நோக்குடையது. 1981-இல் கே. பாலசந்தர் திரைப்படமாக்கிய அந்நாடகத்தில் அத்திப்பட்டியின் தாகம் ஊர்த் தாகம், எதிர்நிற்பது அரசு. அசோகமித்திரனிடம் அரசு தோண்டிப்போட்ட பள்ளமாக மட்டுமே காட்சி தருகிறது. இவ்விரண்டனுள் 'பானி' அசோகமித்திரனுக்கே நெருக்கமானது. அதுவும் குழாயடியை விட்டு அகலாமல், நிற்கும் பெண்ணின் உடலையும் பொழுதையும் மட்டுமே பார்க்கிறது.

ஆயின் முடிவில் இரண்டும் எதிரெதிர்த் திசைகளில் பிரிகின்றன. நாவல் காத்திருப்பினுள் மனித உறவைக் காண்கிறது. செயலியோ காத்திருப்பையே நீக்க முனைகிறது. 'பானி' முழுமையாகச் செயற்படும் ஒரு சந்தில் டீச்சரம்மாவும் ஜமுனாவும் வெவ்வேறு நேரத்தில் அறிவிப்புப் பெற்று, வெவ்வேறு நேரத்தில் வந்து, நீர் பிடித்துச் செல்வர். பெண்கள் கூடிப் பேசுதற்கு எஞ்சியிருந்த பொதுவிடம் ஒன்று இதனால் அழியும் என்று வருந்தும் திறனாய்வாளர் இருத்தல் கூடும். நீர்த்துறையை மகளிர் கூடும் இடமாகக் காட்டும் அகப்பாடல்களில் தோய்ந்தவர்க்கு இவ்வருத்தம் இயல்பானதே. என்றாலும் அதனை ஏற்பதற்கில்லை. துறையில் நீராடும் தலைவியை எவரும் பள்ளிக்கு அனுப்பவில்லை. தாராவியில் வரிசையில் நிற்கும் சிறுமிக்கோ அதே நேரத்தில் வகுப்பு நடக்கிறது. குழாயடி உறவின் அழகை நாவலில் கண்டு மகிழும் வாசகர், அவ்வழகிற்கு விலையாக ஒரு பெண்குழந்தையின் காலைப்பொழுதைக் கேட்கும் உரிமை உடையவரல்லர். இவ்விடத்தில் நாவலை நேசிக்கும் வாசகரினும் செயலியை எழுதிய சிறுமியரே தெளிவாகக் கண்டுள்ளனர்.

பொழுது என்னும் இக்கோணத்தில் நோக்கினால் செல்பேசி பற்றித் தமிழில் நிலவும் பொதுக்கருத்திலிருந்து 'பானி' எத்துணை விலகி நிற்கிறது என்பதும் புலனாகும். கடந்த சில ஆண்டுகளாகத் தமிழகத்தில் செல்பேசி குறித்து நடந்த வாதம் பெரும்பாலும் விளையாட்டைப் பற்றியதே. 2020 செப்டம்பரில் நடுவணரசு பப்ஜி விளையாட்டைத் தடை செய்ததற்குக் கூறிய காரணம் நாட்டின் பாதுகாப்பு. வீடுகளில் வரவேற்கப்பட்டதோ பிள்ளைகளின் பொழுது மீளும் என்னும் நம்பிக்கையினால். இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்கவும் இணையவழி விளையாட்டுகளை ஒழுங்குபடுத்தவும் தமிழ்நாடு அரசு இயற்றிய 2022-ஆம் ஆண்டுச் சட்டம், ஆளுநரால் திருப்பியனுப்பப்பட்டு மீண்டும் நிறைவேறி 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அதன்கீழ் 2025-இல் வந்த விதிமுறைகள் பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளை நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை நிறுத்திவைத்தன. சென்னை உயர்நீதிமன்றமும் அதனை ஏற்றது. அவ்வாண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணவிளையாட்டுகளை முற்றாகத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. திருக்குறள் 'சூது' அதிகாரத்தில் பொருளிழப்போடு பொழுதிழப்பையும் கேடாகக் கண்ட மரபு இது. இதற்கு மறுதலையான பார்வையும் தமிழில் உண்டு. புறநானூற்று 52-ஆம் பாடலில், முதியோர் வல்லாடித் தேய்ந்த குழியில் காட்டுக்கோழி முட்டையிடுவது பாழ்பட்ட ஊரின் அடையாளமாகிறது. ஆடுவோர் இருத்தலே ஊர் உயிரோடிருத்தல் என்பது அதன் உட்கிடை. எவ்வாறாயினும், செல்பேசியைப் பொழுது கவரும் பொருளாகவே கருதும் பொதுப்பேச்சிற்கு நடுவே, அதனைப் பொழுது மீட்கும் பொருளாகக் கருதியவர்கள் குழாயடியில் நின்ற சிறுமியர் என்பது மறக்கத்தக்கதன்று. எஞ்சிய பொழுதே இல்லாதவர்க்குப் பொழுதுபோக்கு ஒரு சிக்கலாகத் தோன்றாது.

இனி, இப்பனுவலின் குறைகளையும் கூறுதல் வேண்டும். 'பானி' நீர்ப் பற்றாக்குறையை மாறாத ஒன்றாக ஏற்றுக்கொள்கிறது. குழாயில் ஏன் சில மணி நேரமே நீர் வருகிறது என்று அது வினவவில்லை. வரும் நீருக்கு வரிசை மட்டும் அமைக்கிறது. அதே காலத்தில் அதே சொல்லைப் பெயரில் தாங்கிய மற்றோர் அமைப்பு அவ்வினாவை எழுப்பியது. 2000-க்குப் பின் எழுந்த குடிசைகளுக்குக் குடிநீர் மறுக்கப்படுவதை எதிர்த்து 'பானி ஹக் சமிதி' தொடுத்த வழக்கில், சட்டவிரோதக் குடியிருப்பினர்க்கும் குடிநீர் பெறும் உரிமை உண்டு என்று மும்பை உயர்நீதிமன்றம் 2014 டிசம்பரில் தீர்ப்பளித்தது. வழக்கு குழாயைக் கேட்டது. செயலி குழாய்க்கு முன்னுள்ள இடத்தை ஒழுங்குபடுத்தியது. கோமலின் நாடகத்திற்கும் அசோகமித்திரனின் நாவலுக்கும் உள்ள வேறுபாட்டையே இங்கும் காணலாம். பதின்பருவத்துச் சிறுமியரிடம் வழக்காடும் பொறுப்பைச் சுமத்துவது நேர்மையாகாது. ஆனால் அவர்களைப் போற்றி எழுதுவோர் வழக்கைச் சொல்லாமல் விடுவதும் நேர்மையாகாது.

மற்றொரு குறை கருவி பற்றியது. குடத்தை வரிசையில் வைத்துவிட்டுச் செல்வது பழைய முறை. அங்குக் குடமே ஆளுக்குப் பிரதிநிதி. 'பானி'யில் அவ்விடத்தைத் திறன்பேசி பெறுகிறது. குடம் எல்லா வீட்டிலும் உண்டு. திறன்பேசி அன்று எல்லா வீட்டிலும் இல்லை. இருந்த வீட்டிலும் அது பெண்ணின் கையில் இருப்பது உறுதியில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை வந்தபின் இணையத்தின் விலை வீழ்ந்தது என்பது உண்மை. ஆயினும் வரிசையில் எளியவர்க்கு முன்னால் வசதியுடையவர் நுழைவதற்கு வழி திறந்திருக்கும் அமைப்பு இது என்பதை மறுக்கவியலாது.

தமிழாய்வாளர் தனியே கருதவேண்டியது மொழி. தாராவியின் தோல் பதனிடும் தொழிலில் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து சென்ற தமிழர் பல தலைமுறைகளாக ஈடுபட்டவர்கள். தமிழ் அங்கு விருந்தினர் மொழியன்று. எனினும் செயலிகளின் பெயர்கள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் உள்ளன. 'படாய்' கற்பிக்கும் மொழிகளுள் தமிழ் இல்லை, மராத்தியும் இல்லை. இதனைச் சிறுமியரின் பிழையாகக் கொள்ளல் பொருந்தாது. பலமொழி வழங்கும் சந்தில் அனைவர்க்கும் பொதுவாகும் மொழி இந்தி என்பது அவர்களது பட்டறிவு. வேலை தரும் மொழி எது என்பதையும் அவர்கள் அறிவர்.

வினா தமிழை நோக்கியே எழுகிறது. செல்பேசியில் தமிழ் எழுதும் வழியைச் 'செல்லினம்' 2005-இல் சிங்கப்பூரில் திறந்துவிட்டது. 'செயலி', 'மென்பொருள்', 'திறன்பேசி' என்னும் சொற்களும் நிலைபெற்றுவிட்டன. இவையனைத்தும் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவரை எண்ணியே செய்யப்பட்டவை. மும்பை மாநகராட்சி தமிழ் உள்ளிட்ட எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்துகிறது என்றாலும், தமிழைப் பேசவும் கேட்கவும் அறிந்து, படிக்க அறியாத தலைமுறை ஒன்று அந்நகரில் வளர்ந்துள்ளது. அத்தகையோர்க்கு 'செயலி' என்னும் சொல் காதில் விழுந்ததே இல்லை. 'ஆப்' என்பதே தெரியும். 2013-இல் வாட்ஸ்ஆப்பில் வந்த குரற்செய்தியும், 2017-இல் கூகுள் தமிழுக்கு அளித்த குரல்வழி உள்ளீடும் இவர்களுக்கு எழுத்துருக்களைவிடப் பயன்பட்டிருத்தல் வேண்டும். தாராவிக் குழாயடிக்கு ஒரு தமிழ்ப் 'பானி' எழுதப்படுமாயின், அது திரையில் எழுத்தாகத் தோன்றுவதைக் காட்டிலும், "அக்கா, உங்க முறை வந்துட்டு" என்று நெல்லை வழக்கில் அழைப்பதாக இருத்தலே பொருந்தும். கலைச்சொல்லாக்கம் பற்றிய ஆய்வேடுகள் பல வந்துள்ளன. செயலி எந்த வட்டார வழக்கில் பேசவேண்டும் என்பதைக் குறித்து அவற்றினும் குறைவாகவே எண்ணப்பட்டுள்ளது.

இதற்கிடையில் தாராவியில் வேறொரு வரிசை தொடங்கிவிட்டது. மறுசீரமைப்புத் திட்டத்திற்கான வீட்டுக் கணக்கெடுப்பு 2024 மார்ச் 18 அன்று தொடங்கிற்று. ஒவ்வொரு குடியிருப்புக்கும் தனி எண் எழுதப்படுகிறது. ஒளிக்கதிர்க் கருவியால் சந்துகள் அளக்கப்படுகின்றன. 2000 சனவரி முதல் நாளுக்கு முன் குடியேறிய தரைத்தள வீட்டினர்க்குத் தாராவியிலேயே 350 சதுரஅடி வீடு என்றும், பின்னர் வந்தோர்க்கும் மேல்தளத்தோர்க்கும் வேறிடத்தில் என்றும் விதி கூறுகிறது. புதிய வீட்டினுள் குழாய் இருக்கும். அங்கு 'பானி'க்குத் தேவை இராது. சிறுமியர் எழுதிய செயலியில் வரிசை எண்ணை அவரவரே பெற்றுக்கொண்டனர். இப்போது கதவின்மேல் எழுதப்படும் எண்ணைப் பிறர் தருகின்றனர். அவ்வெண்ணின் முறை எப்போது வரும் என்பதை அறிவிக்கும் செயலியை எவரும் இன்னும் அவர்கள் கையில் தரவில்லை.