கழுகுமலை ஏற்றம்

சுற்றியுள்ள கரிசல் காடு கண்ணுக்கெட்டிய தொலைவுவரை தட்டையாகவே கிடப்பதால், கோவில்பட்டிக்கு மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் நிற்கும் கழுகுமலை, தன் உயரத்தைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. சுற்றியிருந்த மென்பாறை அரிக்கப்பட்டுக் கரைந்தபின் வன்பாறை மட்டும் எஞ்சி நிற்கும் இவ்வகைக் குன்றை நிலவியலார் தீவுக்குன்று என்பர். மேற்சுமை நீங்கிய பாறை வெங்காயத் தோல்போல் ஏடு ஏடாக உரிவதால் விளைந்த வழுவழுப்பான சரிவே இங்கு நடைபாதை. உச்சி வெயிலில் அதில் வெறுங்காலோடு ஏறுவது வீம்பு.

ஏற்றத்தின் நடுவே, 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் படைப்பான வெட்டுவான் கோயில், சுற்றிலும் பள்ளம் தோண்டி மேலிருந்து கீழாகக் குடையப்பட்ட ஒற்றைக்கல் தளியாக நிற்கிறது. விமானம் நிறைவுபெற, அடிப்பகுதி முடிவுறாமல் உளித்தடத்தோடு விடப்பட்டதால், வேலை நடந்த முறையைப் பாறையே காட்டிவிடுகிறது என்பதே, இதே முறையில் குடையப்பட்ட எல்லோராவின் கயிலாசநாதர் கோயிலிலும் கிட்டாத பேறு. தென்முகத்தில் தட்சிணாமூர்த்தி மத்தளம் வாசிக்கிறார். தலை சாய்ந்த விதத்தில் தாளம் தெரிகிறது.

அப்பால் சமணர் பாறையில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாக அமர, அவற்றைச் செய்வித்தோர் பெயர்கள், குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர் பெயர்கள் உட்பட, பழைய தமிழ் எழுத்தான வட்டெழுத்தில் கீழே பொறிக்கப்பட்டுள்ளன. உச்சியிலிருந்து, வானம் தெளிந்த நாளில், மேற்கே மலைத்தொடரும் கிழக்கே கரிசலும் ஒருசேரத் தெரியும்.